வாங்கிய விலையா, விற்கும் விலையா? நியாய மதிப்பு வந்த வழி

மாணவர்களே, முதலில் ஒரு சின்னக் கணக்கு. உங்கள் பாட்டி 1990-களில் 1,000 வெள்ளிக்கு ஒரு தங்கச் சங்கிலி வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். இன்று அதே எடையில் புதுச் சங்கிலி வாங்கப் போனால், செய்கூலி எல்லாம் சேர்த்துக் கடைக்காரர் 14,000 வெள்ளி கேட்கிறார். பாட்டியின் சங்கிலியை அதே கடையில் விற்கப் போனால் 11,500 தருகிறார். மருத்துவச் செலவுக்கு இன்றைக்கே பணம் வேண்டும் என்று அலைந்தால், யாரோ ஒருவர் 8,000 கொடுத்து வாங்கிக்கொள்வார். இப்போது சொல்லுங்கள், பாட்டியின் சொத்துக் கணக்கில் எந்த எண்ணை எழுதுவீர்கள்?

கணக்கியல் படிப்பவர்கள் உடனே ஒரு வரையறையை ஒப்பிப்பார்கள். மலேசியாவின் எம்.எஃப்.ஆர்.எஸ். 13 தரநிலையிலும் சிங்கப்பூரின் எஃப்.ஆர்.எஸ். 113 தரநிலையிலும் அது ஏறக்குறைய ஒரே வாசகம்தான். அளவிடும் நாளில், சந்தையில் ஈடுபடுவோருக்கிடையே முறையாக நடக்கும் பரிமாற்றத்தில், ஒரு சொத்தை விற்றால் பெறக்கூடிய விலை, அல்லது ஒரு பொறுப்பை வேறொருவர் தலையில் மாற்றிவிடக் கொடுக்க வேண்டிய விலை. இதுதான் நியாய மதிப்பு. பொறுப்பு என்றால் இங்கே ‘கொடுக்க வேண்டிய கடன்’ என்று பொருள். நல்ல குணமான பொறுப்புணர்ச்சியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். விடைத்தாள்களில் அந்தக் குழப்பம் வரத்தான் செய்கிறது.

வரையறைப்படி பாட்டியின் கணக்குக்கு 11,500 என்று எழுத வேண்டும். 1,000 பழைய விலை. 14,000 வாங்கும் விலை. 8,000 அவசரத்துக்குத் தள்ளிவிட்ட விலை, அது ‘முறையான பரிமாற்றம்’ ஆகாது. சரி, விடை கிடைத்துவிட்டது. ஆனால் இந்த வரையறையை மனப்பாடம் செய்வோர் பலருக்கும் அதில் ஏன் இத்தனை நிபந்தனைகள் என்று தெரியாது. ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு வீழ்ச்சி இருக்கிறது, யாரோ பணத்தை இழந்திருக்கிறார்கள். அந்த வரலாற்றைத்தான் பார்க்கப் போகிறோம்.

ஜெர்மனியில் தொடங்குவோம். 1861-ஆம் ஆண்டின் பொது வணிகச் சட்டம், கணக்கு முடிக்கும் நாளில் ஒரு சொத்துக்கு என்ன மதிப்போ அதையே கணக்கில் எழுதச் சொன்னது. பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. 1870-இல் பங்கு நிறுவனங்களைத் தொடங்க அரசு அனுமதி தேவையில்லை என்று சட்டம் மாறியது. புதுப்புது நிறுவனங்கள் மளமளவென்று முளைத்தன. சொத்துகளின் மதிப்பை ஏற்றி எழுதி, அந்த ‘லாபத்தை’ப் பங்குதாரர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். விற்காத சொத்தில் லாபம் ஏது? 1873-இல் வியன்னாவிலும் பின்னர் பெர்லினிலும் சந்தை சரிந்தபோது பலருக்கும் பாடம் புரிந்தது. 1884-இல் வந்த பங்கு நிறுவனச் சட்டம் கடிவாளம் போட்டது. எந்தச் சொத்தையும் அடக்க விலைக்கு மேல் எழுதக்கூடாது. சந்தை விலை அதைவிடக் குறைந்துவிட்டால் பங்குகள், பத்திரங்களைக் குறைந்த விலைக்கே எழுத வேண்டும். ஏற்றத்துக்கு வேலி, இறக்கத்துக்கு வாசல். கணக்கியல் நூல்களில் ‘முன்னெச்சரிக்கைக் கோட்பாடு’ என்று படிக்கிறீர்களே, அதற்குச் சட்ட வடிவம் தந்த முக்கியமான இடங்களில் இதுவும் ஒன்று.

இதே பாடத்தை அமெரிக்கா 1920-களில் தனியாகக் கற்றது. மின்சார நிறுவனங்களும் அவற்றை அடுக்கடுக்காக வைத்திருந்த தாய் நிறுவனங்களும் சொத்து மதிப்பைத் தங்கள் விருப்பத்துக்கு உயர்த்தி எழுதின. அதைக் காட்டியே பங்குகளை விற்றன. கூட்டரசு வணிக ஆணையத்தின் தலைமை வழக்கறிஞராக இருந்து இந்த நிறுவனங்களை விசாரித்தவர் ராபர்ட் ஹீலி. 1934-இல் பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கப் பத்திர, பரிவர்த்தனை ஆணையம் அமைந்தபோது, முதல் ஐந்து ஆணையர்களில் அவரும் ஒருவரானார். சொத்து மதிப்பை ஏற்றி எழுதும் பழக்கத்தை அவர் கொஞ்சமும் விட்டுவைக்கவில்லை. அமெரிக்காவில் அடக்க விலைக் கணக்கு அடுத்த சில பத்தாண்டுகளுக்கு மறுக்க முடியாத வேதம்போல் ஆனதற்கு அவருடைய பிடிவாதம் பெரிய காரணம்.

வங்கிகளின் கதை இதற்குக் கொஞ்சம் வேறு. பெருமந்தக் காலத்தில் வங்கிகளின் கையிலிருந்த கடன் பத்திரங்களைச் சோதனையாளர்கள் அன்றைய சந்தை விலையில் மதிப்பிட்டார்கள். சந்தை விழுந்தால் வங்கியின் மூலதனமும் கணக்கில் விழும். இதனால் வங்கிகள் கடன் கொடுக்கவும் பத்திரம் வாங்கவும் பயப்படுகின்றன என்று ஃபெடரல் ரிசர்வ் தலைவர் மரினர் எக்கிள்ஸ் வாதாடினார். 1938-இல் கண்காணிப்பு அமைப்புகள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. தரமான பத்திரங்களுக்கு இனி அன்றாடச் சந்தை விலை வேண்டாம், முதிர்வு வரை வைத்திருந்தால் முழுப் பணமும் வந்துவிடும்தானே என்றன. கேட்க நன்றாகத்தான் இருந்தது. நாற்பது ஆண்டுகள் நன்றாகவே ஓடவும் செய்தது.

அப்புறம் வட்டி ஏறியது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கணக்குப் போடுங்கள், தேர்வுக்கும் உதவும். 100 வெள்ளி முகமதிப்புள்ள ஒரு பத்திரம், ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டி, முதிர இன்னும் 20 ஆண்டுகள். சந்தை வட்டியும் 6 விழுக்காடு என்றால் அதன் மதிப்பு 100. சந்தை வட்டி 12 விழுக்காடாக ஏறிவிட்டால்? ஆண்டுதோறும் வரும் 6 வெள்ளிகளின் இன்றைய மதிப்பு 44.82 வெள்ளி. இருபதாம் ஆண்டில் வரும் 100 வெள்ளியின் இன்றைய மதிப்பு 10.37 வெள்ளி. கூட்டினால் சுமார் 55 வெள்ளி. கடன் வாங்கியவர் ஒரு தவணைகூடத் தவறவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. ஆனாலும் பத்திரத்தின் மதிப்பில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் போய்விட்டது. வகுப்பில் இதை வாய்ச்சொல்லாகச் சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். கால்குலேட்டரைக் கையில் கொடுத்துப் போடச் சொல்லுங்கள்.

அமெரிக்காவின் சேமிப்பு, வீட்டுக்கடன் சங்கங்களுக்கு நடந்தது இதேதான். 6, 7, 8 விழுக்காட்டில் முப்பது ஆண்டு வீட்டுக் கடன்களைக் கொடுத்திருந்தன. 1981-இல் புதிய வீட்டுக் கடனின் வட்டி 18 விழுக்காட்டைத் தாண்டியது. வைப்புப் பணம் போட்டவர்களைத் தக்கவைக்க அதிக வட்டி கொடுத்தாக வேண்டும், பழைய கடன்களிலிருந்தோ பழைய வட்டிதான் வரும். சந்தை விலையில் பார்த்தால் பெரும்பாலான சங்கங்கள் அன்றே திவால். ஆனால் ஏடுகளில் எல்லாம் அடக்க விலை, எனவே எல்லாம் நலம். போதாததற்கு, பழைய கடன்களை விற்று அடைந்த நஷ்டத்தைக்கூடப் பல ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதிக்கொள்ளக் கண்காணிப்பாளர்களே அனுமதித்தார்கள். உள்ளே மூலதனம் இல்லாத சங்கங்கள், இழப்பதற்கு ஒன்றும் இல்லாததால், அபாயமான முதலீடுகளில் துணிந்து இறங்கின. 1986 முதல் 1995 வரை 1,043 சங்கங்கள் மூடப்பட்டன. வரி செலுத்துவோர் தலையில் விழுந்தது சுமார் 124 பில்லியன் டாலர்.

அடக்க விலை என்பது நாணயமான கணக்கு என்று ஹீலி காலத்தவர்கள் நம்பினார்கள். அவர்கள் பயந்தது கணக்கை ஊதிப் பெருக்குபவர்களுக்கு. பொய் எதுவும் எழுதாமலே, பழைய எண்ணை அப்படியே விட்டுவைத்தும் ஊரை ஏமாற்றலாம் என்பது 1980-களில்தான் பளிச்சென்று தெரிந்தது. 1990 செப்டம்பரில் பத்திர, பரிவர்த்தனை ஆணையத்தின் தலைவர் ரிச்சர்ட் பிரீடன் செனட் குழுவின் முன் நின்று, வங்கிகள் தங்கள் முதலீடுகளைச் சந்தை விலையில் காட்ட வேண்டும் என்றார். ஹீலி உட்கார்ந்த அதே ஆணையம்தான்! ஃபெடரல் ரிசர்வ் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பான் எதிர்த்தார். இழுபறிக்குப் பின் 1993-இல் வந்த எஃப்.ஏ.எஸ். 115 ஒரு சமரசம். அடிக்கடி வாங்கி விற்கும் பத்திரங்கள் நியாய மதிப்பில் வரும், ஏற்ற இறக்கம் லாப நட்டக் கணக்கில் சேரும். தேவைப்பட்டால் விற்கக்கூடியவையும் நியாய மதிப்பில்தான், ஆனால் ஏற்ற இறக்கம் லாபத்தில் சேராமல் நேராக மூலதனப் பகுதிக்குப் போகும். ‘முதிர்வு வரை வைத்திருப்பேன்’ என்று நிறுவனம் சொல்லும் பத்திரங்கள் மட்டும் பழையபடி அடக்க விலையில். ஒரே பத்திரம், மூன்று விதக் கணக்கு. நிர்வாகத்தின் மனத்தில் என்ன எண்ணம் இருக்கிறதோ அதைப் பொறுத்து எண் மாறும். எனக்கென்னவோ இந்தச் சமரசம் அன்றும் உறுத்தல்தான், இன்றும் உறுத்தல்தான். இந்த மூன்றாவது வகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் வரும்.

சந்தை விலைக்கு மாறியதும் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், அதுதான் இல்லை. சந்தை இருந்தால்தானே சந்தை விலை? என்ரான் நிறுவனம் 1992-இல், தன் எரிவாயு ஒப்பந்தங்களைச் சந்தை விலை முறையில் கணக்கிட அதே ஆணையத்திடம் சம்மதம் பெற்றது. பத்து, இருபது ஆண்டுகள் தள்ளி எரிவாயு என்ன விலை விற்கும் என்பதை எந்தச் சந்தையும் சொல்வதில்லை. நிறுவனமே ஒரு மாதிரியை வைத்துக் கணித்தது, வரப்போகும் ஆண்டுகளின் லாபத்தையெல்லாம் ஒப்பந்தம் கையெழுத்தான கையோடு எழுதிக்கொண்டது. பிறகு இந்த முறை எரிவாயுவோடு நிற்கவில்லை. 2000 ஜூலையில் பிளாக்பஸ்டர் என்ற வீடியோ வாடகை நிறுவனத்தோடு, இணையம் வழி வீட்டுக்கு வீடு படம் அனுப்ப 20 ஆண்டு ஒப்பந்தம் போட்டார்கள். திட்டம் சோதனைக் கட்டத்தைத் தாண்டவில்லை, 2001 மார்ச்சில் ஒப்பந்தமே முறிந்தது. ஆனால் அதற்குள் 11 கோடி டாலருக்கும் மேல் லாபம் என்று ஏட்டில் ஏறியாச்சு. 2001 டிசம்பர் 2-ஆம் நாள் என்ரான் திவால் மனு கொடுத்தது.

ஆக, பழைய விலையும் ஏமாற்றியது, புதிய விலையும் ஏமாற்றியது. 2006 செப்டம்பரில் அமெரிக்கத் தரநிலை வாரியம் வெளியிட்ட எஃப்.ஏ.எஸ். 157 இந்த இரண்டு வடுக்களையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டதுபோலவே இருக்கும். நாம் மேலே பார்த்த வரையறை அதிலிருந்துதான் வந்தது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பது முக்கியமல்ல, சந்தையில் ஈடுபடுவோர் என்ன கொடுப்பார்கள் என்பதே முக்கியம். வாங்கிய விலை அல்ல, வெளியேறும் விலை. கூடவே மூன்று படிநிலைகளையும் அது வகுத்தது.

முதல் நிலையில், அதே சொத்துக்குச் சுறுசுறுப்பான சந்தையில் அறிவிக்கப்பட்ட விலை. பர்சா மலேசியாவில் தினமும் கைமாறும் மேபேங்க் பங்கு போல. பார்த்து எழுத வேண்டியதுதான், வாதத்துக்கு இடமில்லை. இரண்டாம் நிலையில் நேரடி விலை இல்லை, ஆனால் கண்ணால் பார்க்கக்கூடிய பிற தகவல்கள் உண்டு: அதுபோன்ற பத்திரங்களின் விலை, வட்டி விகிதம், நாணய மாற்று விகிதம். மூன்றாம் நிலையில் சந்தையில் காண முடியாத அனுமானங்கள். பட்டியலிடப்படாத நிறுவனத்தின் பங்கு, சிக்கலான ஒப்பந்தம் போன்றவை. இங்கே எண்ணை உண்டாக்குவது நிறுவனத்தின் சொந்தக் கணிப்பு. தேர்வில் மாணவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் இது: படிநிலை சொத்துக்கு அல்ல, அதை அளக்கப் பயன்படுத்திய தகவலுக்கு. அதிலும், அளவீட்டுக்கு முக்கியமான தகவல்களில் எது மிகக் கீழான நிலையில் இருக்கிறதோ, அந்த நிலைக்கே மொத்தமும் போகும். இரண்டாம் நிலைத் தகவல் பத்து இருந்தாலும், விலையைப் பெரிதாக மாற்றக்கூடிய மூன்றாம் நிலை அனுமானம் ஒன்று இருந்தால் போதும், மூன்றாம் நிலைதான்.

இந்தத் தரநிலை கட்டாயமான நேரத்தைப் பாருங்கள். 2007 நவம்பர் 15-க்குப் பின் தொடங்கும் நிதியாண்டுகளிலிருந்து. அதற்குள் நெருப்பு பிடித்துவிட்டது. 2007 ஆகஸ்ட் 9-ஆம் நாள் பிரான்சின் பி.என்.பி. பாரிபா வங்கி, அமெரிக்க வீட்டுக் கடன்களோடு தொடர்புடைய மூன்று முதலீட்டு நிதிகளில் பணம் எடுப்பதை நிறுத்தியது. காரணம்? சொத்துகளை நியாயமாக மதிப்பிட முடியவில்லை, ஏனென்றால் வாங்குவோரே இல்லை. ஒரு பெரிய வங்கி வாய்விட்டு ‘விலை தெரியவில்லை’ என்றதும் உலகமே ஆடிப்போனது.

அதே கோடையில் இன்னொரு சண்டை திரைக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தது. வீட்டுக் கடன் பத்திரங்கள் கெட்டுப்போனால் ஈடு செய்வதாக ஏ.ஐ.ஜி. நிறுவனம் கோல்ட்மன் சாக்ஸ் வங்கியோடு ஒப்பந்தம் செய்திருந்தது. பத்திரங்களின் மதிப்பு இறங்கினால் ஏ.ஐ.ஜி. பிணைப் பணம் கட்ட வேண்டும். 2007 ஜூலை இறுதியில் கோல்ட்மன் கேட்டது 1.8 பில்லியன் டாலர். அவ்வளவு இறங்கவில்லை என்றது ஏ.ஐ.ஜி. பேரம் பேசி ஆகஸ்டில் கட்டியது 45 கோடி டாலர். ஒரே ஒப்பந்தம், இரு பக்கமும் படித்த நிபுணர்கள், எண்கள் மட்டும் மலைக்கும் மடுவுக்கும். மூன்றாம் நிலை என்றால் என்ன என்று மாணவர் கேட்டால் இந்தச் சம்பவத்தைச் சொல்லுங்கள். பதினான்கு மாதங்களில், 2008 செப்டம்பர் 16-ஆம் நாள், ஏ.ஐ.ஜி.யைக் காப்பாற்ற அமெரிக்கா 85 பில்லியன் டாலர் கடன் வசதி கொடுக்க வேண்டியதாயிற்று. அதற்கு முந்திய நாள்தான் லேமன் பிரதர்ஸ் விழுந்தது. லேமனோடு பிணைக்கப்பட்ட மினிபாண்ட், ஹை நோட்ஸ் 5 போன்றவற்றை வாங்கியிருந்த சிங்கப்பூரர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். வைப்பு நிதிபோலப் பத்திரமானது என்று நம்பியவர்களும் அவர்களில் உண்டு. எங்கோ அமெரிக்காவில் நடந்த மதிப்பீட்டுச் சண்டை என்று நாமும் ஒதுக்கிவிட முடியாது.

வங்கிகள் அடுத்துச் சொன்னது உங்களுக்கு 1938-ஐ நினைவூட்டும். சந்தை பீதியில் இருக்கிறது, இப்போதைய விலை உண்மை விலை அல்ல, இந்தக் கணக்கு முறையே எங்களைக் கொல்கிறது என்றார்கள். ஐரோப்பிய அரசுகளின் நெருக்குதலில், 2008 அக்டோபர் 13-ஆம் நாள் அனைத்துலகக் கணக்கியல் தரநிலை வாரியம் வழக்கமான கருத்துக் கேட்பு எதுவும் இல்லாமல் விதியைத் திருத்தியது. சில சொத்துகளை நியாய மதிப்பு வகையிலிருந்து அடக்க விலை வகைக்கு மாற்றலாம், அதுவும் ஜூலை 1-ஆம் தேதி முதல் பின்னோக்கி! ஆட்டம் முடிந்தபின் கோட்டை நகர்த்துவது என்பார்களே, அது. அமெரிக்க நாடாளுமன்றமோ ஆய்வு கேட்டது. டிசம்பர் 30-ஆம் நாள் வந்த அறிக்கை, அந்த ஆண்டின் வங்கித் தோல்விகளுக்கு முதன்மைக் காரணம் வாராக் கடனும் சொத்துத் தரம் பற்றிய அச்சமும்தான், நியாய மதிப்பை நிறுத்தத் தேவையில்லை என்றது. ஆனாலும் அரசியல் அழுத்தம் விடவில்லை. 2009 ஏப்ரலில், சந்தையின் நடமாட்டம் குறைந்தபோது எப்படி மதிப்பிடுவது, எது கட்டாய விற்பனை என்று புதிய வழிகாட்டுதல் வந்தது. பாட்டியின் சங்கிலியை 8,000-க்குத் தள்ளிவிட்ட கதையை நிபுணர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள், அவ்வளவுதான்.

இதுவரை சொத்துப் பக்கம் மட்டும் பார்த்தோம். பொறுப்புப் பக்கத்தில் ஒரு விசித்திரம் உண்டு. ஒரு வங்கி 100 டாலர் கடன் பத்திரம் வெளியிட்டிருக்கிறது. வங்கியின் மீது சந்தைக்கு நம்பிக்கை போய்விட்டது, அதன் பத்திரம் 90-க்கு இறங்குகிறது. வங்கி தன் கடனை நியாய மதிப்பில் காட்டுவதாகத் தேர்ந்தெடுத்திருந்தால், கொடுக்க வேண்டியது 10 டாலர் ‘குறைந்துவிட்டது’. லாபம்! நம் பெயர் கெடக் கெட லாபம் வரும் கணக்கு. விளையாட்டு அல்ல, 2011-ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டில் மோர்கன் ஸ்டான்லி இந்த வகையில் மட்டும் 3.4 பில்லியன் டாலர் வருவாய் காட்டியது. தர்க்கப்படி பிழையில்லை, பொது அறிவுக்குத்தான் ஒவ்வாது. ஐ.எஃப்.ஆர்.எஸ். 9 இதற்கு ஒரு வழி கண்டது: சொந்தக் கடன் தரம் மாறியதால் வரும் ஏற்ற இறக்கத்தைப் பொதுவாக லாப நட்டத்தில் சேர்க்காமல், பிற முழுமை வருமானத்தில் தனியே காட்ட வேண்டும்.

2011 மேயில் அனைத்துலக வாரியம் ஐ.எஃப்.ஆர்.எஸ். 13-ஐ வெளியிட்டது. அமெரிக்க வரையறையும் அனைத்துலக வரையறையும் ஒன்றாயின. 2013 ஜனவரி 1 முதல் நம் இரு நாடுகளிலும் அதே விதி. நம்மவர்கள் சும்மா வாங்கி ஒட்டிக்கொண்டார்கள் என்றும் நினைக்க வேண்டாம். நிதிச் சொத்து இல்லையென்றாலும் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. செம்பனை மரத்தையே ஆண்டுதோறும் நியாய மதிப்பில் காட்ட வேண்டும் என்று பழைய வேளாண்மைத் தரநிலை சொன்னது. தோட்டத்தில் நிற்கும் மரத்தை மட்டும் தனியாக யார் வாங்குவார்கள், அதற்கு ஏது சந்தை? மலேசியக் கணக்கியல் தரநிலை வாரியம் இதை அனைத்துலக அளவில் எடுத்துச் சென்று வாதாடியது. 2014-இல் விதி திருத்தப்பட்டது. 2016 முதல் மரம் இயந்திரம்போல அடக்க விலையில் இருக்கலாம், அதில் வளரும் குலைக்கு மட்டும் நியாய மதிப்பு.

இனி அந்த மூன்றாவது வகைக்கு வருவோம், ‘முதிர்வு வரை வைத்திருப்பேன்’ என்ற வகை. அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி, வட்டி அடிமட்டத்தில் இருந்தபோது வந்து குவிந்த வைப்புப் பணத்தை நீண்டகாலப் பத்திரங்களில் போட்டது. பத்திரங்களில் பெரும்பகுதியை இந்த வகையில் வைத்தது. 2022-இல் வட்டி வேகமாக ஏறியது. நாம் போட்ட 100-க்கு 55 கணக்கின் மென்மையான வடிவம்தான் நடந்தது. அவ்வாண்டு இறுதியில் இப்பத்திரங்கள் ஏட்டில் 91.3 பில்லியன் டாலர், நியாய மதிப்பில் 76.2 பில்லியன். இடைவெளி 15.1 பில்லியன். வங்கியின் மொத்த மூலதனமே 16.3 பில்லியன்தான்.

ஆசிரியர்கள் இதை வகுப்பில் காட்ட விரும்பினால், அந்த வங்கியின் ஆண்டறிக்கையைத் திரையிட்டு இருப்புநிலைக் குறிப்பின் பக்கத்தைத் திறங்கள். 76.2 என்ற எண்ணுக்காகக் குறிப்புகளைக்கூடப் புரட்ட வேண்டாம். 91.3 இருக்கும் அதே வரியில், அடைப்புக் குறிக்குள் அச்சாகியிருக்கிறது. அந்த அறிக்கை 2023 பிப்ரவரி 24-ஆம் நாள் வெளியானது. மார்ச் 8-ஆம் நாள், வேறு வகையிலிருந்த 21 பில்லியன் டாலர் பத்திரங்களை நஷ்டத்தில் விற்றதாக வங்கி அறிவித்தது. மறுநாள் ஒரே நாளில் வாடிக்கையாளர்கள் எடுக்க முயன்ற பணம் 42 பில்லியன் டாலர். மார்ச் 10-ஆம் நாள் காலை வங்கி மூடப்பட்டது.